பி.ஏ. ஆங்கிலம்: சாசரைப் பார்த்துப் பயந்த மகளுக்கும் அவள் அம்மாவுக்கும்

அன்புள்ள அம்மாவுக்கு,

போன சனிக்கிழமை பி.ஏ. ஆங்கிலம் படிக்கும் மகளைக் கூட்டிக்கொண்டு நீங்கள் என்னிடம் யோசனை கேட்க வந்தபோது வெளியே இன்னும் மூன்று குடும்பங்கள் காத்திருந்தன. அவசரமாகப் பேசி அனுப்பிவிட்டேன். மனசு கேட்கவில்லை, அதனால்தான் இந்தக் கடிதம்.

"இங்கிலீஷ் நல்லா வரும்னுதானே சார் சேர்த்தோம், இவங்க ஆயிரம் வருசத்துக்கு முந்தினதை நடத்துறாங்களே, பி.காம்.முக்கு மாத்திடலாமா?" என்று கேட்டீர்கள். அவசரப்பட்டு மாற்ற வேண்டாம் என்பதுதான் என் பதில்.

பி.ஏ. ஆங்கிலம் ஸ்போக்கன் இங்கிலீஷ் வகுப்பு அல்ல. இதைச் சேர்க்கும்போதே யாராவது உங்களிடம் சொல்லியிருக்க வேண்டும். தமிழ் இலக்கியம் எடுத்த பிள்ளை குறுந்தொகையும் சிலப்பதிகாரமும் படிப்பது போலத்தான், இங்கே பேவுல்ஃப் என்ற பழைய ஆங்கிலக் காவியமும், பதினான்காம் நூற்றாண்டுக் கவிஞர் சாசரும், பதினேழாம் நூற்றாண்டுக் கவிஞர் மில்டனும் வருகிறார்கள். பேச்சு ஆங்கிலத்தைத் தினமும் அரை மணி நேரம் தனியாகப் பழகிக்கொள்ளலாம். இரண்டையும் ஒன்றாக நினைத்ததால்தான் உங்களுக்கு ஏமாற்றம்.

அப்புறம் அந்த நோட்டுப்புத்தகம். மகள் என்னிடம் காட்டிய பக்கத்தில் "பேவுல்ஃப், 3182 வரிகள், ஆசிரியர் பெயர் தெரியாது" என்று எழுதி, சிவப்பு மையில் இரண்டு கோடு போட்டிருந்தாள். அந்த 3182 வரிகளில் ஒன்றையாவது படித்தாயா என்று கேட்டேன். இல்லை என்று தலையை ஆட்டினாள். பக்கம் முழுவதும் கைடிலிருந்து இறங்கியது. பயம் அங்கிருந்துதான் வருகிறது. பெயரும் ஆண்டும் எத்தனை நாளைக்கு மண்டையில் நிற்கும்?

இங்கிலாந்தில் எக்ஸிடர் என்ற ஊரின் தேவாலயத்தில் ஆயிரம் ஆண்டு பழமையான ஒரு கையெழுத்துப் பிரதி இருக்கிறது. அந்த ஊர்ப் பிஷப் லியோஃப்ரிக் கொடுத்தது. அதில் தொண்ணூறுக்கும் மேற்பட்ட விடுகதைகள். ஒன்று ஆறே வரி: ஒரு பூச்சி சொற்களைத் தின்றது, இருட்டில் வந்த திருடன் ஒரு மனிதனின் பாட்டை விழுங்கினான், ஆனால் விழுங்கிய சொற்களால் அவனுக்கு அறிவு ஒரு துளியும் கூடவில்லை. விடை, புத்தகப்பூச்சி. பழைய ஆங்கில இலக்கியத்தை மகள் இந்த ஆறு வரியில் தொடங்கட்டும். நம் வீட்டு விடுகதை மாதிரியே இருக்கும்.

தமிழ் மீடியத்தில் படித்ததால் பின்தங்கிவிடுவாள் என்று பயப்படுகிறீர்கள். இந்தப் பாடத்துக்கு அந்தப் பயம் பொருந்தாது. பழைய ஆங்கிலம் கான்வென்ட் பிள்ளைக்கும் புரியாது. லண்டனில் பிறந்த பிள்ளைக்கும் உரையில்லாமல் புரியாது. எல்லோரும் ஒரே கோட்டில்தான் நிற்கிறார்கள். உங்கள் மகள் ஒரு படி முன்னால் நிற்கிறாள் என்றுகூடச் சொல்வேன். பள்ளியிலேயே புறநானூற்றை மூலம், பதவுரை, பொழிப்புரை என்று படித்துப் பழகியவள் அவள். அதே பழக்கம்தான் இங்கும் வேண்டும். மோனையும் அவளுக்குத் தெரியும். பழைய ஆங்கிலக் கவிதையில் பொதுவாக அடி இறுதி இயைபு கிடையாது; வரியின் இரண்டு பாதிகளையும் மோனைதான் கட்டிப்போடுகிறது.

வகுப்பில் வாய் திறக்கக் கூச்சமாக இருக்கிறது என்றாளே, அவளுக்குக் கேட்மனின் கதையைச் சொல்லுங்கள். ஏழாம் நூற்றாண்டில் விட்பி மடத்தில் மாடு பார்த்துக்கொண்டிருந்தவர். விருந்தில் யாழ் கைமாறித் தன் பக்கம் வருவது தெரிந்தால், பாட வராது என்று எழுந்து போய்விடுவார். அப்படி ஒருநாள் தொழுவத்தில் படுத்திருந்தபோது கனவில் யாரோ பாடச் சொல்ல, பாடினாராம். 731இல் முடித்த வரலாற்று நூலில் பீட் என்ற துறவி இதைச் சொல்கிறார். அந்தப் பாட்டு ஒன்பது வரி. பெயர் தெரிந்த முதல் ஆங்கிலக் கவிஞர் அவர்தான்.

சாசரைக் கண்ணால் மட்டும் படித்தால் எழுத்துப் பிழை நிறைந்த ஆங்கிலமாகத் தெரியும். வாய்விட்டுப் படிக்க வேண்டும். அன்று நீங்கள் தண்ணீர் குடிக்க வெளியே போன நேரத்தில் கேன்டர்பரி கதைகளின் முதல் வரியை மகளைப் படிக்கச் சொன்னேன். "வான் தட் ஏப்ரில் வித் ஹிஸ் ஷூரெஸ் சோத்தெ." இரண்டாம் முறை படிக்கும்போதே, "ஏப்ரல் மழையா சார்?" என்றாள். அதேதான், ஏப்ரலின் இனிய மழை. அவள் முகத்தை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். அந்த வரியில் தொடங்கும் பொது முன்னுரை 858 வரி; நாளைக்கு இருபது வரி என்றால் ஆறு வாரத்தில் முடிந்துவிடும்.

இலக்கியம் சோறு போடுமா என்றும் கேட்டீர்கள். சாசரே முழுநேரக் கவிஞர் இல்லை. 1374 முதல் பன்னிரண்டு ஆண்டுகள் லண்டன் துறைமுகத்தில் கம்பளி ஏற்றுமதிச் சுங்கத்தைக் கண்காணிக்கும் அதிகாரி. கணக்கைத் தன் கையாலேயே எழுத வேண்டும் என்பது நியமன நிபந்தனை. மில்டனும் 1649 முதல் அரசுக்கு வெளிநாட்டுக் கடிதங்களை லத்தீனில் எழுதும் செயலராக இருந்தார். மொழியை நன்றாகக் கற்றவர்களுக்கு அரசு வேலை கொடுப்பது அன்றே நடந்ததுதான்.

சாசருக்குப் பிறகு, பதினாறாம் நூற்றாண்டுக் கவிஞர் ஸ்பென்சர் வரைக்கும் உள்ள பகுதியை வேகமாகத் தாண்டலாம். 1476இல் காக்ஸ்டன் வெஸ்ட்மின்ஸ்டரில் அச்சகம் வைத்தது, வயட், சர்ரே என்ற இரு கவிஞர்கள் இத்தாலியிலிருந்து சானட் என்ற பதினான்கு வரிக் கவிதையைக் கொண்டுவந்தது, இந்த இரண்டும் தெளிவாக இருந்தால் போதும். நாடகத்தைப் பார்க்க வேண்டும், படித்தால் மட்டும் போதாது. மார்லோவின் டாக்டர் ஃபாஸ்டஸில் மணி பதினொன்று அடித்த பிறகு, ஆன்மாவை விற்றவனுக்கு மிச்சம் ஒரு மணி நேரம். அந்தக் காட்சியை யூடியூபில் பார்த்துவிட்டு எழுதினால் விடை தானாக வரும். ஷேக்ஸ்பியர் இறந்து ஏழு ஆண்டுக்குப் பிறகு, 1623இல், கூட நடித்த இருவர் 36 நாடகங்களைத் தொகுத்து அச்சிட்டார்கள். அதில் பாதி அதுவரை அச்சேறாதவை. அந்தத் தொகுப்பு வராமல் போயிருந்தால் மேக்பெத் நமக்குக் கிடைத்திருக்குமா என்று நினைத்தாலே எனக்குப் பதறும்.

பதினேழாம் நூற்றாண்டுக்கு நம் பக்கத்திலிருந்தே துணை உண்டு. பெட்ஃபர்ட் சிறையில் பன்னிரண்டு ஆண்டு கிடந்த பன்யன் எழுதி 1678இல் வந்த 'பில்கிரிம்ஸ் பிராக்ரஸ்' என்ற நூலைத் தழுவித்தான் நெல்லைச் சீமையின் கிருஷ்ணபிள்ளை இரட்சணிய யாத்திரிகம் பாடினார். மூலத்தையும் அதையும் பக்கத்தில் வைத்துப் படித்தால், பின்னால் எம்.ஏ. ஆய்வேட்டுக்கே அது விதையாகும்.

சரி, வேலை. பட்டம் மட்டும் வைத்துக்கொண்டு வேலை கிடைக்கும் என்று நான் சொல்ல மாட்டேன், மேலே ஒரு படி வேண்டும். எம்.ஏ.வும் பி.எட்.டும் முடித்தால் மேல்நிலைப் பள்ளி முதுகலை ஆசிரியர் தேர்வு எழுதலாம். கல்லூரியில் ஆசிரியராகப் போக நெட் அல்லது செட் என்ற தகுதித் தேர்வு. நெட் இரண்டாம் தாளின் நூறு கேள்விகளுக்கு 200 மதிப்பெண். பாடத்திட்டத்தின் முதல் இரண்டு அலகுகளே நாடகமும் கவிதையும்தான். சிவில் சர்வீஸ் முதன்மைத் தேர்வில் ஆங்கில இலக்கியத்தை விருப்பப் பாடமாக எடுத்தால் 500 மதிப்பெண். முதல் தாளில் கிங் லியர், டெம்பஸ்ட், ஜான் டன் என்ற கவிஞரின் கவிதைகள், மில்டனின் இழந்த சொர்க்கத்தில் நான்கு காண்டங்கள். இன்று அவள் மிரளும் பக்கங்கள்தான் இவை.

தேர்வு வேண்டாம் என்றால், வெளிநாட்டுப் பதிப்பகங்களுக்குப் பிரதியைச் செம்மை செய்து தரும் நிறுவனங்கள் சென்னையிலும் புதுச்சேரியிலும் இருக்கின்றன. ஆரம்பச் சம்பளம் பெரிதாக இராது. ஆனால் ஒரு காற்புள்ளி இடம் மாறினால் பொருள் மாறுவதைக் கண்டுபிடிக்கும் கண் வேண்டும். டன்னின் கவிதையை வரி வரியாகப் பிரித்துப் படித்தவளுக்கு அந்தக் கண் வரும். அதற்கு இரண்டாம் ஆண்டிலிருந்தே கணினியில் வேகமாகத் தட்டச்சு செய்யவும் தினம் ஒரு பக்கம் சொந்தமாக எழுதவும் பழக வேண்டும்.

ஒன்றை மட்டும் வீட்டில் நிதானமாகக் கேளுங்கள். அவளுக்குப் படிக்கவே, எந்த மொழியிலும் கதையோ கவிதையோ வாசிக்கவே பிடிக்கவில்லை என்றால், பாடத்தை மாற்றுவதில் தப்பில்லை. நானே கல்லூரிக்கு எழுத வேண்டிய விண்ணப்பத்தைத் தயார் செய்து தருகிறேன். ஏப்ரல் மழையைக் கண்டுபிடித்த பிள்ளைக்குப் படிக்கப் பிடிக்காது என்று எனக்குத் தோன்றவில்லை.

இரண்டு வாரம் கழித்து சனிக்கிழமை பதினொரு மணிக்கு வாருங்கள். அந்த நோட்டு வேண்டாம், கைடும் வேண்டாம். நூலகத்திலிருந்து உரையோடு கூடிய சாசரும் ஒரு பென்சிலும் எடுத்துவரச் சொல்லுங்கள். இருநூறு வரி ஆகியிருக்கும் என்று எதிர்பார்க்கிறேன்.