பாட்டியின் சுருக்குப்பையில் எத்தனை கிராம் வெள்ளி?

குடியாத்தத்திலிருந்து ஒரு வாசகி கேட்டிருக்கிறார்: "பாட்டியின் சுருக்குப்பையில் 8 நாலணா, 2 சின்ன ரெண்டணா இருந்தன. வேலூர் லாங் பஜாரில் ஒரு கடையில் எல்லாவற்றையும் ஒன்றாகத் தராசில் போட்டு, 'இதெல்லாம் பாதி வெள்ளிதாம்மா' என்றார்கள். கொடுத்துவிடலாமா?" காசுகளில் உள்ள வருடங்களையும் எழுதியிருக்கிறார். நல்லவேளை, விஷயமே அதில்தான் இருக்கிறது.

நாலணா என்பது கால் ரூபாய். அதன் எடை 2.92 கிராம். 1939 வரை அடித்த கால் ரூபாயில் 91.7 சதவீதம் வெள்ளி, அதாவது சுமார் 2.67 கிராம். போர்க்காலத்தில் வெள்ளிக்குத் தட்டுப்பாடு வந்ததும், 1940-ல் அதைப் பாதியாகக் குறைத்து, மீதிக்குச் செம்பு, நிக்கல், துத்தநாகம் சேர்த்தார்கள். எடை அதேதான், வெள்ளி மட்டும் 1.46 கிராம். 1946-ல் அதுவும் போய் முழு நிக்கல். பின்பக்கம் புலி இருக்கும், காந்தம் வைத்தால் ஒட்டும்.

சரி, உங்கள் பைக்கு வருவோம். 1936-ஆம் வருடக் காசு 4: அதில் 10.7 கிராம் வெள்ளி. 1944 காசு 3: 4.4 கிராம். 1946 புலிக்காசு ஒன்று: வெள்ளி கிடையாது. 1917 ரெண்டணா (நாலணாவில் பாதி எடை) இரண்டும் நல்ல வெள்ளி, சேர்ந்து 2.7 கிராம். (அடுத்த வருடமே ரெண்டணா சதுரமாகி, செம்பு-நிக்கலுக்கு மாறிவிட்டது. அந்தச் சதுரக்காசை வெள்ளி என்று பத்திரப்படுத்தும் வீடுகள் நிறைய.) ஆக மொத்தம் சுமார் 17.7 கிராம் சுத்த வெள்ளி. புலிக்காசைத் தள்ளிவிட்டு மற்றதையெல்லாம் பாதி வெள்ளி என்று போட்டாலும் 11.7 கிராம்தான் வரும். 6 கிராம் அப்படியே கைவிட்டுப் போயிருக்கும்.

ஆகவே வருடவாரியாகப் பிரித்து, தனித்தனியாக எடை போடச் சொல்லுங்கள். தேய்ந்த காசு எடை குறையும், அது நியாயம். தராசு சரியா என்று பார்க்கவும் வழி இருக்கிறது: தேயாத நாலு கால் ரூபாய் சேர்ந்தால் 11.66 கிராம், சரியாக ஒரு தோலா. அந்தக் காலத்தில் ரூபாய்க் காசையே எடைக்கல்லாக வைத்து நிறுத்தார்கள். நீங்கள் விற்கும் நாளின் வெள்ளி விலையில், உருக்கும்போது குறையும் என்று கழிவாகக் கொஞ்சம் பிடிப்பார்கள். எவ்வளவு என்று முதலிலேயே கேட்டுவிடுங்கள்.

அப்புறம், புளி போட்டுத் தேய்த்து மினுக்க வேண்டாம். உலோக விலை அதனால் ஒரு பைசா கூடாது, சேகரிப்பவர் கொடுக்கும் விலைதான் குறையும்.

பையின் அடியை இன்னொரு தடவை உதறிப் பாருங்கள். உங்கள் வட்டார வீடுகளில் சில சமயம் பாரசீக எழுத்துள்ள ஆற்காடு ரூபாயோ அதன் சில்லறையோ கிடக்கும். சென்னையில் கிழக்கிந்தியக் கம்பெனி அடித்ததில் தாமரை முத்திரை, புதுச்சேரியில் பிரெஞ்சுக்காரர்கள் அடித்ததில் பிறை. அப்படி ஒன்று அகப்பட்டால் அதை வெள்ளிக்கடைத் தராசில் வைக்காதீர்கள், பழங்காசு சேகரிப்பவரிடம் காட்டுங்கள்.