கம்பெனி கைமாறினால் பயமில்லை, திவாலானால்தான் பயம்

தம்பி, ஜோகன்னஸ்பர்க்கில் விமான மெக்கானிக் வேலை கிடைத்திருக்கிறது, ஆனால் அந்தக் கம்பெனியை இன்னொரு கம்பெனி வாங்கப்போகிறதாம், நம்பி வரலாமா, வாடகை, மளிகை, பள்ளிக்கூடமெல்லாம் எப்படி என்று கேட்டிருந்தீர்கள். மளிகை, நம் ஊர்க்காரர்கள் நிறைய இருக்கும் லெனேசியா பகுதியில் கிடைக்கும். மற்றதை வந்து பார்த்துக்கொள்ளலாம்.

கைமாறுவதற்குப் பயப்படாதீர்கள். ஓடுகிற தொழில் கைமாறினால், இங்குள்ள தொழிலாளர் உறவுச் சட்டம் 197-ஆம் பிரிவுப்படி உங்கள் வேலையும் சர்வீஸும் அப்படியே புது முதலாளியிடம் போகும். "ராஜினாமா எழுதிக் கொடுத்துவிட்டுப் புதிதாகச் சேருங்கள்" என்று காகிதம் நீட்டினால் மட்டும் கையெழுத்துப் போடாதீர்கள். ஆட்குறைப்பில் முடித்த வருஷம் ஒன்றுக்குக் குறைந்தது ஒரு வாரச் சம்பளம் உண்டு. சர்வீஸ் அறுந்தால் அதுவும் போச்சு.

பயப்பட வேண்டியது திவாலுக்கு. கடனில் தத்தளிக்கும் கம்பெனியைக் காப்பாற்றிப் பார்க்கச் சட்டப்படி ஒரு நிர்வாகியிடம் ஒப்படைக்கும் 'பிசினஸ் ரெஸ்க்யூ' என்ற பெயரைக் கேட்டதுமே நம் ஆட்கள் நிம்மதியாகிவிடுகிறார்கள். குலுலா விமானங்களை ஓட்டிய காம்ஏர் 2020 மே மாதம் அதில் போனது, டிசம்பரில் திரும்பப் பறந்தது, 2022 மே 31 இரவோடு நின்றது. சுமார் 1,200 பேருக்கு வேலை போயிற்று. அரசாங்கக் கம்பெனி அசையாது என்பார்கள். சவுத் ஆஃப்ரிக்கன் ஏர்வேஸ் 2019 டிசம்பரில் அதே நிலைக்கு வந்தபோது இருந்த சுமார் 4,700 பேரில் பெரும்பாலோர் வெளியே வந்துவிட்டார்கள். கம்பெனியைக் கலைத்தால் சம்பள பாக்கிக்கு முன்னுரிமையில் கிடைப்பது ஆளுக்கு அதிகபட்சம் 12,000 ராண்ட். இது தெரியாமல் வந்த மூன்றாம் மாதமே தவணையில் பெரிய கார் எடுக்கிறவர்களைப் பார்த்தால் எனக்கு மனசு பதறுகிறது.

நான் வந்த இரண்டாம் வருஷமே என் கம்பெனி படுத்துவிட்டது. காலை ஷிஃப்டுக்குப் போனால் ஹாங்கர் கேட்டில் கார்டு வேலை செய்யவில்லை. என் காசில் வாங்கிய டூல் பாக்ஸ் உள்ளே. ரசீது காட்டி வெளியே எடுக்க ஏழு வாரம் ஆனது. அதைவிடப் பெரிய அடி லாக்புக், அதாவது செய்த வேலையை எழுதி அத்தாட்சி வாங்கும் புத்தகம். எட்டு மாத வேலைக்கு சூப்பர்வைசர் கையெழுத்து வாங்காமல் விட்டிருந்தேன். அவர் துபாய் போய்விட்டார், முத்திரை போட ஆபீஸும் இல்லை. அந்த எட்டு மாதம் எந்தக் கணக்கிலும் ஏறவில்லை. வாராவாரம் கையெழுத்து வாங்குங்கள், நகலை வீட்டில் வையுங்கள்.

இங்கே பிறந்த தமிழர்களுக்குத் தமிழ் தெரியாது என்று ஊரிலிருந்து வருகிறவர்கள் இளக்காரமாகப் பேசுவார்கள். நீங்கள் அதில் சேராதீர்கள். என் வீட்டுக்கார ஆயாவின் முன்னோர் நேட்டால் கரும்புத் தோட்டத்துக்கு வந்தவர்கள்; அவருக்குத் தமிழ் பத்து வார்த்தை தேறாது. என் கம்பெனி படுத்தபோது மூன்று மாதம் வாடகை கேட்கவில்லை. புரட்டாசி சனிக்கிழமை இலை போட்டுவிட்டு வந்து கதவைத் தட்டுவார். வேலை கிடைத்ததும் பாக்கியை மொத்தமாக நீட்டினேன். ஒரு மாதத்துக்கானதை மட்டும் எண்ணி எடுத்துக்கொண்டார்.