ஒஹாயோ மான் வேட்டைக்கு 9 எம்.எம். போதுமா?

அமெரிக்காவின் ஒஹாயோ மாநிலத்தில் 4 அங்குலக் குழல் உள்ள உங்கள் 9 எம்.எம். பிஸ்டலால் மான் வேட்டையாடலாமா என்று கேட்டீர்கள்; கடைக்காரர் .357 சிக் தோட்டாவைச் சொன்னதையும், வர்ஜீனியா மாநில நண்பர் தன் ஊர் விதியைச் சொன்னதையும் எழுதியிருந்தீர்கள். உங்கள் பிஸ்டல் அங்கே ஆகாது, நண்பரே. ஒஹாயோவில் கைத்துப்பாக்கிக்குக் குழல் குறைந்தது 5 அங்குலம்; தோட்டா .357 காலிபர் (அங்குலக் கணக்கில் குண்டின் விட்டம்) அல்லது அதற்கு மேல், கூடு (மருந்து அடைத்த உலோக உறை) குறுகாமல் நேராக இருக்க வேண்டும். 9 எம்.எம். குண்டின் விட்டம் 0.355 அங்குலம். தலைமுடி அகலம்கூட இல்லாத வித்தியாசம்தான், ஆனால் விதி விதிதான்!

கடைக்காரர் சொன்ன .357 சிக் பெயரில் ஏமாறாதீர்கள். அதன் கூடு பாட்டில் கழுத்துபோலக் குறுகும். உள்ளே இருப்பதும் அதே 0.355 குண்டு. .38 ஸ்பெஷல் தோட்டா அளவில் தேறினாலும் மானுக்கு வலு பத்தாது.

என் தேர்வு 6 அங்குலக் குழல் உள்ள .357 மேக்னம் ரிவால்வர், 158 கிரெய்ன் (குண்டின் எடை அளவு) சாஃப்ட் பாயின்ட் (நுனியில் மெல்லிய ஈயம் தெரியும்) குண்டு. 50 கஜத்துக்குள் மட்டும் சுடுங்கள். .44 மேக்னம் இன்னும் பலம், உதையும் அப்படியே. அதை வாங்கினால் அதே ரிவால்வரில் வலு குறைந்த .44 ஸ்பெஷல் தோட்டா போட்டுப் பழகலாம், கை தப்பிக்கும்.

அப்புறம், வர்ஜீனியா நண்பரின் கணக்கை இங்கே போடாதீர்கள். அங்கே .23 காலிபரும் 350 அடி-பவுண்டு ஆற்றலும் இருந்தால் சரி. வாங்கும் முன் இந்த ஆண்டு விதிப் புத்தகத்தை ஒருமுறை பார்த்துவிடுங்கள்.