மூடும் முன் டார்ச் அடியுங்கள்: வீட்டில் தோட்டா நிரப்புவோர் கேள்வி–பதில்

சுட்டு முடித்த பித்தளைக் கூட்டில் பழைய பிரைமரை (அடியில் இருந்து மருந்தைப் பற்றவைக்கும் சிறு மூடி) தட்டி எடுத்து, 'டை' என்னும் அச்சால் கூட்டைப் பழைய அளவுக்கு நெருக்கி, புதுப் பிரைமரும் வெடிமருந்தும் குண்டும் வைத்து மறுபடி தோட்டாவாக்குவதற்கு ரீலோடிங் என்று பெயர். அமெரிக்காவில் சொந்தத் தேவைக்கு இதைச் செய்ய மத்திய அரசின் உரிமம் வேண்டாம். மாநிலச் சட்டமும் ஊர்த் தீயணைப்பு விதியும் இடத்துக்கு இடம் மாறும், அதைத் தனியாக விசாரித்துக்கொள்ளுங்கள். அங்கிருக்கும் நம் வாசகர்கள் அனுப்பிய கேள்விகளில், புதிதாகத் தொடங்குகிறவர்களுக்கு உதவக்கூடியவற்றை மட்டும் இங்கே எடுத்திருக்கிறோம்.

கைப்பிடியை ஒருமுறை இழுத்தால் ஒரு தோட்டா வந்து விழுமாமே, அந்த ப்ரோகிரசிவ் பிரஸ் இயந்திரத்தையே முதலில் வாங்கிவிடலாமா? (டாலஸ் வாசகர்)

வேண்டாம். அதில் நாலைந்து வேலைகள் ஒரே சமயத்தில் நடக்கும். எந்த இடத்தில் என்ன தவறுகிறது என்று புதுக் கண்ணுக்குத் தெரியாது. முக்கியமாக, நடுவில் எங்காவது சிக்கி, கைப்பிடியைப் பாதியில் திருப்பிவிட்டால், ஒரு கூட்டில் மருந்து இரண்டு முறை விழலாம், இன்னொன்றில் விழாமலே போகலாம். ஒரு நேரத்தில் ஒரே வேலை செய்யும் சிங்கிள் ஸ்டேஜ் பிரஸ்ஸில் ஐம்பது கூட்டை எடுத்து, ஐம்பதுக்கும் ஒரு வேலையை முடித்து, பார்த்துவிட்டு, அடுத்ததற்குப் போங்கள். மெதுவாகத்தான் நடக்கும். சில நூறு தோட்டாக்கள் போட்டு, ஒவ்வொரு கட்டத்திலும் கைக்கு என்ன அழுத்தம் தெரிகிறது என்று பழகிய பிறகு பெரிய பிரஸ்ஸுக்கு மாறலாம்.

சுடும் பயிற்சி ரேஞ்சில் கீழே கிடக்கும் கூடுகளைப் பொறுக்கி வந்து நிரப்பலாமா? (பீனிக்ஸ்)

ரேஞ்ச்காரர் அனுமதித்தால் பொறுக்கலாம். ஆனால் ஒவ்வொன்றின் அடிப்பாகத்திலும் உள்ள எழுத்தைப் படித்துப் பிரிக்க வேண்டும். 9 எம்எம் குவியலில் .380 என்ற வேறு அளவுக் கூடு கலந்திருக்கும். அது 2 மில்லிமீட்டர் குட்டை. டையில் தடையில்லாமல் போய்விடும், குண்டை மட்டும் சரியாகப் பிடிக்காது. ஒரு காந்தத்தையும் பக்கத்தில் வையுங்கள், ஒட்டினால் எஃகு, ஒதுக்கிவிடுங்கள். உள்ளே எட்டிப் பார்த்தால் அடியில் நடுவில் ஒரே துளை தெரிய வேண்டும். ஓரமாக இரண்டு சிறு துளை இருந்தால் அது பெர்டன் வகை, பிரைமர் தட்டும் ஊசியை ஒடித்துவிடும். 9 எம்எம் கூட்டுக்குள் .22 கூடு புகுந்து உட்கார்ந்திருப்பதும் நடக்கும். கழுவும்போதுதான் பெரும்பாலும் அப்படிச் சேர்ந்துகொள்கின்றன.

ராணுவக் கூடுகளில் பிரைமரைச் சுற்றி ஒரு வளையம் நசுக்கப்பட்டிருக்கும். அந்த நசுக்கலை அதற்கான கருவியால் எடுக்காமல் புதுப் பிரைமரைத் திணிக்கக் கூடாது. உள்ளே போகாது, நசுங்கும், வெடிக்கவும் செய்யும்.

.223 போன்ற ரைஃபிள் கூடுகளில் பார்க்க வேண்டியது வேறு. அடியிலிருந்து கால் அங்குலம் மேலே பளபளவென்று ஒரு வளையக் கோடு தெரிந்தால் அந்த இடத்தில் பித்தளை மெலிந்து அறுபடப் போகிறது என்று பொருள். டையைத் தேவைக்கு மேல் இறக்கி, கூட்டின் கழுத்துக்குக் கீழே சரியும் தோள்பட்டையைப் பின்னுக்குத் தள்ளிவிட்டால், ஒவ்வொரு முறை சுடும்போதும் கூடு நீண்டு அங்கே மெலியும். காகிதக் கிளிப்பை நிமிர்த்தி, முனையைக் கொக்கிபோல வளைத்து, உள்சுவரில் அடியிலிருந்து மேலே இழுத்துப் பாருங்கள். பள்ளத்தில் தட்டினால் குப்பைக்குத்தான். நீளமும் முக்கியம். .223 கூட்டின் உச்ச நீளம் 1.760 அங்குலம். அதைத் தாண்டினால் வாய் துப்பாக்கிக் குழலின் தொடக்கத்தில் நெருக்கப்பட்டுக் குண்டை விட மறுக்கும், அழுத்தம் எகிறும். 1.750-க்கு வெட்டிவிடுவது வழக்கம்.

பிரைமர் ஒழுங்காக உட்கார்ந்ததா என்று எப்படித் தெரிந்துகொள்வது? (நியூ ஜெர்சி)

விரல் நுனியால் தடவினால் மேடு தட்டக் கூடாது, மெல்லிய பள்ளம் தெரிய வேண்டும். அளவில் சொன்னால், கூட்டின் அடிமட்டத்துக்கு 0.003 முதல் 0.005 அங்குலம் உள்ளே. கூட்டைக் கண்ணாடித் துண்டின் மேல் நிற்க வைத்துப் பாருங்கள், ஆடினால் பிரைமர் வெளியே நிற்கிறது. அப்படி நின்றால் ஊசி அடிக்கும் அடியில் பாதி, பிரைமரை உள்ளே தள்ளுவதிலேயே போய் வெடிக்காமல் விடும். எம்1 கேரண்ட், ஏஆர்-15 மாதிரி ஊசி தளர்வாக ஓடும் ரைஃபிள்களில் ஆபத்து இதற்கு எதிர்ப்பக்கம். பூட்டு முழுக்க மூடும் முன்பே ஊசி தட்டி வெடித்துவிடலாம். மருந்து போடும் முன் இந்தச் சோதனையை முடித்துவிடுங்கள். முழுதாக முடிந்த தோட்டாவில் பிரைமர் துருத்தி நின்றால் அழுத்திச் சரிசெய்யவே கூடாது, பிரித்துவிட வேண்டும். இந்த வேலை நேரம் முழுக்கக் கண்ணாடி அணிந்திருங்கள். எண்ணெய்க் கையால் பிரைமரைத் தொடாதீர்கள்.

இரட்டை மருந்து, இரட்டை மருந்து என்று எல்லோரும் பயமுறுத்துகிறார்கள். கவனமாகப் போட்டால் எப்படி இரண்டு முறை விழும்? (ஹூஸ்டன்)

போன் மணி அடிக்கும், பிள்ளை கூப்பிடும், திரும்பி வந்து உட்காரும்போது ஏழாவது கூடா எட்டாவதா என்று சந்தேகம் வரும். அவ்வளவுதான் வேண்டும். கவனம் மட்டும் போதாது, கண்ணுக்குத் தெரியும்படி ஏற்பாடு வேண்டும்.

முதலில் ஏன் இது கண்ணில் படுவதில்லை என்று புரிந்துகொள்ளுங்கள். .38 ஸ்பெஷல் 1898-இல் வந்த தோட்டா, கரும்பொடி கொள்ளும் அளவுக்குக் கூடு நீளமாக அமைந்தது. இன்றைய புகையில்லா மருந்து, அதுவும் வேகமாக எரியும் வகை, மூன்று நான்கு கிரெயின் (ஒரு கிராமில் சுமார் 15 கிரெயின்) போட்டால் அடியில் ஒரு படலம்போலக் கிடக்கும். இரண்டு மடங்கு போட்டாலும் இடம் மிச்சம், மூன்று மடங்கும் கொள்ளும். 9 எம்எம் கூடு சிறியது. ஆனாலும் வேகமான, அடர்த்தியான மருந்து இரு மடங்கு அதிலும் அடங்கிவிடும். 9 எம்எம் தோட்டாவுக்குத் தொழில்தர அமைப்பு வைத்திருக்கும் உச்ச அழுத்தம் சதுர அங்குலத்துக்கு 35,000 பவுண்டு. மருந்து இரட்டித்தால் அழுத்தம் இரட்டிப்போடு நிற்காது. அழுத்தம் கூடக் கூட மருந்து இன்னும் வேகமாக எரியும், அதனால் அழுத்தம் இன்னும் ஏறும்.

ஆகவே மருந்தைத் தேர்ந்தெடுக்கும்போதே, மருந்து அளவுக் கையேட்டில் உங்கள் குண்டுக்குக் கொடுத்திருப்பவற்றில் கூட்டைப் பாதிக்கு மேல் நிறைக்கும் வகையைப் பாருங்கள். இரண்டு முறை விழுந்தால் வழிந்து தானே காட்டிக்கொடுக்கும். கூடுகளை நிறுத்த, வரிசைக்கு ஐந்தாகப் பத்து வரிசைக் குழி உள்ள கட்டை இரண்டு வாங்குங்கள். பிரைமர் போட்ட கூடுகள் எல்லாம் இடப்பக்கக் கட்டையில் தலைகீழாக நிற்கட்டும். ஒன்றை எடுங்கள், மருந்து போடுங்கள், வலப்பக்கக் கட்டையில் வாய் மேலே பார்க்க வையுங்கள். தலைகீழாக நிற்கும் கூட்டில் மருந்து இருக்க வழியே இல்லை, அதனால் பாதியில் எழுந்து போனாலும் குழப்பம் வராது. ஐம்பதும் முடிந்ததும் டார்ச்சை மேலிருந்து அடித்து ஒவ்வொரு கூட்டுக்குள்ளும் மட்டத்தைப் பாருங்கள். ஒன்று மேலே, ஒன்று கீழே என்று தெரிந்தால் அதைக் கொட்டி மறுபடி நிறுத்துப் போடுங்கள். 'சரியாகத்தான் இருக்கும்' என்று ஒன்றையும் விடாதீர்கள். பார்த்த கையோடு குண்டு வைத்துவிட வேண்டும். மருந்து போட்ட கூடுகளை இரவு முழுக்க மேசையில் விட்டுவிட்டுக் காலையில் தொடர்வது நல்லதல்ல.

எவ்வளவு போடுவது என்ற கேள்விக்கு எங்கள் பத்திரிகை உட்படக் கையேடு தவிர வேறு எவரையும் நம்பாதீர்கள். அதில் அதே மருந்து, அதே எடைக் குண்டு, அதே வகைக் கூடு இருக்கும் வரியைப் பாருங்கள். ஆரம்ப அளவில் தொடங்குங்கள். உச்ச அளவு மட்டும் கொடுத்திருந்தால் அதில் 10 சதவீதம் குறைத்துத் தொடங்குவது பொது வழக்கம். ஹெச்110 போன்ற சில மருந்துகள் விதிவிலக்கு. அதை 3 சதவீதத்துக்கு மேல் குறைக்கக் கூடாது என்று தயாரிப்பாளரே எச்சரிக்கிறார், குறைத்தால் ஒழுங்காகப் பற்றாது.

முடித்த தோட்டாக்களை நிறுத்துப் பார்த்து இரட்டை மருந்தைக் கண்டுபிடிக்கலாமே? (அதே வாசகர்)

முடியாது. பல கம்பெனிக் கூடுகள் கலந்திருந்தால் கூட்டின் எடையே சில கிரெயின் முன்னே பின்னே இருக்கும், குண்டிலும் வித்தியாசம் உண்டு. நீங்கள் தேடும் நான்கு கிரெயின் அதில் கரைந்துபோகும். சந்தேகம் வந்தால் அந்த ஐம்பதையும் குண்டைக் கழற்றும் சுத்தியல் வடிவ புல்லரில் தட்டிப் பிரியுங்கள். ஒரு மாலை போகும், போகட்டும்.

சமையலறை டிஜிட்டல் தராசு போதுமா? (சியாட்டில்)

போதாது. 1 கிராம் என்பது 15.43 கிரெயின். ஒரு கிராம் படியாகக் காட்டும் தராசுக்கு உங்கள் மருந்து முழுவதும் கண்ணிலேயே படாது. 0.1 கிராம் காட்டும் தராசும் ஒன்றரைக் கிரெயினுக்குக் கீழே குருடு. உங்களுக்கு வேண்டியது 0.1 கிரெயின் காட்டும் தராசு. வாங்கிய தராசைச் சோதனை எடைக்கல் வைத்து ஒவ்வொரு முறையும் பாருங்கள், நீங்கள் போடும் அளவை ஒட்டிய கல்லாக இருந்தால் உத்தமம். மின்விசிறியையும் ஏசி காற்றையும் நிறுத்திவிடுங்கள். முகப்பில் கிராம் காட்டுகிறதா கிரெயின் காட்டுகிறதா என்பதையும் உரக்கப் படித்துக்கொள்ளுங்கள்.

ஹெச்4831, ஐஎம்ஆர் 4831 இரண்டும் ஒன்றுதானே? (அட்லாண்டா)

எண் ஒன்று, மருந்து வேறு. எரியும் வேகம் வேறு. ஒன்றின் அளவை மற்றதற்குப் போடக் கூடாது. 4350-க்கும் இதே கதை. மேசையில் ஒரு நேரத்தில் ஒரு டப்பா மட்டுமே இருக்க வேண்டும் என்பது இதனால்தான். வேலை முடிந்ததும் அளவைக் குழாயில் மிஞ்சியதை அதே டப்பாவில் கொட்டி மூடுங்கள். எந்த மருந்து என்று மறந்துபோன மிச்சம் இருந்தால் டப்பாவுக்குத் திரும்பக் கூடாது, அப்புறப்படுத்துங்கள்.

குண்டை எவ்வளவு ஆழம் இறக்குவது? கூட்டின் வாயைப் பிதுக்கி இறுக்கினால் ஆடாதல்லவா? (சிகாகோ)

கையேட்டில் உள்ள மொத்த நீளத்துக்கு இறக்குங்கள். 9 எம்எம்-இல் உச்ச நீளம் 1.169 அங்குலம், ஆனால் உங்கள் குண்டின் மூக்கு வடிவத்துக்கு அது பொருந்தாமலும் போகலாம். முதலில் பிரைமரும் மருந்தும் இல்லாமல் இரண்டு பொய்த் தோட்டா செய்யுங்கள். பிஸ்டல் காலி என்று உறுதிசெய்து குழலைக் கழற்றி அதில் போட்டுப் பாருங்கள். 'டொக்' என்று விழ வேண்டும், சுழல வேண்டும், கவிழ்த்தால் தானே வெளியே வர வேண்டும். பிறகு அதன் மூக்கை மேசை ஓரத்தில் கட்டைவிரலால் நன்றாக அழுத்தி மறுபடி அளங்கள். நீளம் குறைந்தால் கூடு குண்டைப் பிடிக்கவில்லை. தோட்டா குழலுக்குள் ஏறும்போது குண்டு கூட்டுக்குள் போய்விடும், மருந்துக்கு இடம் சுருங்கி அழுத்தம் ஏறும்.

இதற்கு இன்னும் பிதுக்குவது தீர்வு இல்லை, பலர் சறுக்கும் இடம் இதுதான். அளவுக்கு மேல் நெருக்கினால் பித்தளை கொஞ்சம் விரிந்து திரும்பும், ஈயக் குண்டு திரும்பாது, பிடிமானம் தளரும். பிடிமானம் வருவது கூட்டை நெருக்கும் டையிலிருந்து. வாயை விரிக்கும் டையைக் குண்டு உட்காரும் அளவுக்கு மட்டும் இறக்குங்கள். 9 எம்எம் தோட்டா குழலுக்குள் கூட்டின் வாய் விளிம்பால் நிற்கிறது, அதனால் விளிம்பை உள்ளே சுருட்டக் கூடாது, விரித்ததை நேராக்கினால் போதும்.

சுடும்போது 'புஸ்' என்று சத்தம் மட்டும் வந்தது. துப்பாக்கி உதைக்கவில்லை. (ஆஸ்டின்)

விரலை எடுங்கள், அடுத்தது சுடவே சுடாதீர்கள். மருந்தில்லாத தோட்டாவில் பிரைமர் ஒன்றே குண்டைக் குழலுக்குள் தள்ளி நிறுத்திவிடும். அடைத்த குழலில் அடுத்த தோட்டா வெடித்தால் குழல் வீங்கும், பிளக்கும். இலக்குப் பக்கமே துப்பாக்கியின் வாயை வைத்து அரை நிமிடம் காத்திருங்கள், பிறகு தோட்டாக்களை இறக்கிவிட்டுக் குழலில் வெளிச்சம் தெரிகிறதா பாருங்கள். தெரியாவிட்டால் பித்தளைக் கம்பியால் தட்டி எடுக்க வேண்டும். அந்தப் பெட்டியில் மீதம் உள்ளதை எல்லாம் பிரித்துவிடுங்கள். மருந்து ஒரு கூட்டில் விழவில்லை என்றால் அடுத்த கூட்டில் இரண்டு பங்கு விழுந்திருக்க வாய்ப்புண்டு.

மருந்தைத் துப்பாக்கிப் பெட்டகத்தில் வைத்துப் பூட்டலாமா? (டெக்சாஸ், ஊர் குறிப்பிடவில்லை)

கூடாது. புகையில்லா மருந்து திறந்த வெளியில் எரியும். எஃகுப் பெட்டகத்தில் அடைபட்டு எரிந்தால் வெடிகுண்டாகிவிடும். அசல் டப்பாவிலேயே, சுலபமாகத் திறந்துகொள்ளும் மர அலமாரியில் வையுங்கள். அமெரிக்கத் தீத்தடுப்பு நெறிமுறையில் வீட்டுக்கு 20 பவுண்டு வரை அசல் டப்பாவில், அதற்கு மேல் 50 வரை ஒரு அங்குலத் தடிமன் மரப்பெட்டியில் என்று இருக்கிறது. பிரைமர் 10,000 வரை. உங்கள் ஊர் இதைவிடக் கண்டிப்பாக இருக்கலாம். பிரைமரை வேறிடத்தில், வந்த அட்டைப்பெட்டியிலேயே வையுங்கள். பாட்டிலில் மொத்தமாகக் கொட்டி வைத்தால் ஒன்று வெடித்தால் எல்லாம் வெடிக்கும். டெக்சாஸ் கோடையில் கராஜ் வேண்டாம். டப்பாவைத் திறந்ததும் புளித்த அமில வாடையோ செம்பழுப்புப் புகையோ வந்தால் மருந்து கெட்டுவிட்டது. கீழே சிந்தியதை வாக்குவம் கிளீனரால் உறிஞ்சாதீர்கள், துடைப்பமும் முறமும் எடுங்கள்.

வீட்டில் கைக்குழந்தை இருக்கிறது. (போஸ்டன்)

சுட்ட பிரைமரின் கரியில் ஈயம் இருக்கிறது. கூடுகளை உலர்பொடியில் சுழற்றிச் சுத்தம் செய்யும்போது அந்தத் தூசி பறக்கும். தண்ணீரில் கழுவும் முறைக்கு மாறுங்கள், அல்லது வீட்டுக்கு வெளியே செய்யுங்கள். மேசையில் காபி, முறுக்கு எதுவும் வேண்டாம். முடித்ததும் சோப்பால் கை கழுவி, சட்டை மாற்றிய பிறகே குழந்தையைத் தூக்குங்கள். வருடத்துக்கு ஒருமுறை ரத்தத்தில் ஈய அளவு பாருங்கள்.

நண்பருக்கு ஒரு பெட்டி கொடுக்கலாமா? ஊருக்கு வரும்போது காட்ட இரண்டு எடுத்து வரலாமா? (சான் ஹோசே)

விற்பனைக்குச் செய்தால் மத்திய உரிமம் வேண்டும். சும்மா கொடுப்பதும் நல்லதல்ல, உங்கள் துப்பாக்கிக்குப் பார்த்துச் செய்தது அவருடையதற்குப் பொருந்தும் என்று சொல்ல முடியாது. உங்கள் பெட்டிகளிலேயே தேதி, மருந்து, அளவு, பிரைமர், குண்டு எடை, நீளம் ஆறையும் எழுதி ஒட்டுங்கள். ஒட்டாத பெட்டி பிரிக்க வேண்டிய பெட்டி.

இரண்டாவது கேள்விக்கு: ஒன்றுகூட வேண்டாம். இந்தியாவில் 1959-ஆம் ஆண்டு ஆயுதச் சட்டப்படி உரிமம் இல்லாமல் தோட்டா வைத்திருப்பதும் தயாரிப்பதும் குற்றம். பையின் மூலையில் மறந்து கிடந்த ஒற்றைத் தோட்டாவால் விமான நிலையத்தில் பிடிபட்டவர்கள் உண்டு. தெரியாமல் வந்தது என்று நீதிமன்றங்கள் வழக்கை ரத்து செய்திருக்கின்றன, ஆனால் அதற்குள் பாஸ்போர்ட்டோடு அலைய வேண்டும். ரேஞ்சுக்குக் கொண்டுபோகும் பையைப் பயணத்துக்கு எடுக்காதீர்கள்.