கோடா, விரிசலா?

கேள்வி: என்னிடம் 1944-ல் செய்த அரிசாகா என்ற ஜப்பானிய ராணுவ ரைஃபிள் ஒன்று இருக்கிறது. போல்ட்டை (தோட்டாவை உள்ளே தள்ளிப் பூட்டும் உருளையை) கழற்றிப் பார்த்தால் மெல்லிய கோடுகள். விரிசலாக இருக்குமோ?

பதில்: தோட்டா உள்ளே இல்லை என்று உறுதி செய்துகொண்டு, எண்ணெய் பிசுக்கை நன்றாகத் துடைத்துவிட்டு, சாய்வான வெளிச்சத்தில் லென்ஸ் வைத்துப் பாருங்கள். கடைசல், மில்லிங் இயந்திரங்கள் உலோகத்தை வெட்டும்போது விட்ட கோடுகள் ஒரே திசையில், ஏறக்குறைய ஒரே இடைவெளியில், கூட்டமாக ஓடும். இரண்டாம் உலகப் போரின் கடைசிக் காலத்தில் ஜப்பானில் அவசரமாகச் செய்த அரிசாகாக்களை மெருகேற்றாமலே அனுப்பினார்கள், அதனால் உங்களுடையது முரடாகத் தெரிவதில் ஆச்சரியமே இல்லை.

விரிசல் அப்படி ஒழுங்காக ஓடாது. நெளிந்து, சில நேரம் கிளைவிட்டு, வெட்டுக் கோடுகளைக் குறுக்கே தாண்டிப் போகும். பெரும்பாலும் உள்மூலையிலோ துளை ஓரத்திலோ போல்ட் லக்கின் (சுடும்போது போல்ட்டைப் பூட்டிப் பிடிக்கும் புடைப்பின்) அடியிலோதான் தொடங்கும். துடைத்து வைத்த பிறகும் அதே கோட்டில் எண்ணெய் மறுபடி கசிந்தால் சந்தேகப்படுங்கள். நகத்தால் தடவிப் பார்ப்பதை மட்டும் நம்பாதீர்கள், மெல்லிய விரிசல் நகத்தில் தட்டுப்படவே படாது.

சந்தேகம் தீரவில்லையா? துப்பாக்கி பழுது பார்ப்பவரிடம் கொடுத்துக் காந்தத்துகள் சோதனையோ (காந்தமேற்றி, இரும்புத்தூள் தூவி விரிசலைக் காட்டுவது), விரிசலுக்குள் ஊறும் சாயத்தை வைத்துச் செய்யும் சோதனையோ செய்யச் சொல்லுங்கள். அதுவரை தயவுசெய்து அதில் ஒரு தோட்டாகூடச் சுடாதீர்கள்.