ஒரே செய்தியை வெவ்வேறு வாசகர்களுக்கு எப்படி மாற்றி எழுதுவது?

இணையத்தில் எழுதுவது சிலருக்குப் புரிகிறது, சிலருக்குப் புரிவதில்லை, நடையை எப்படி மாற்றுவது என்று கேட்டிருக்கிறீர்கள். வயிற்றுப்போக்குக்குக் கொடுக்கும் உப்பு-சர்க்கரைக் கரைசலை வைத்தே சொல்கிறேன்.

செவிலியர் மாணவர்களுக்கு என்றால், 2002-இல் உலக சுகாதார நிறுவனம் பரிந்துரைத்த ஓ.ஆர்.எஸ். கரைசலில் லிட்டருக்குச் சோடியம் 75 மில்லிமோல், குளுக்கோஸும் 75 என்று தொடங்கலாம். குளுக்கோஸ் இருந்தால்தான் குடல் சோடியத்தையும் கூடவே தண்ணீரையும் நன்றாக உறிஞ்சும் என்ற காரணமும் அவர்களுக்கு வேண்டும்.

சரி, நள்ளிரவில் குழந்தையை மடியில் போட்டுக்கொண்டு போனைப் பார்க்கும் அம்மாவுக்கு? முதல் வரியிலேயே செய்முறை வந்துவிட வேண்டும். ஓ.ஆர்.எஸ். பாக்கெட் இருந்தால் அதுதான் நல்லது. இல்லையென்றால் கொதித்து ஆறிய தண்ணீர் ஒரு லிட்டர், தலைதட்டி ஆறு தேக்கரண்டி சர்க்கரை, தலைதட்டி அரைத் தேக்கரண்டி உப்பு. அந்தத் 'தலைதட்டி'யை விட்டுவிடவே கூடாது. குவித்து அள்ளினால் உப்பு கூடிப்போய்க் குழந்தைக்கே ஆபத்து.

அப்புறம் ஊர் வழக்கு. மதுரை, நெல்லைப் பக்கம் வெள்ளைச் சர்க்கரையைச் 'சீனி' என்பார்கள். இலங்கையிலும் சீனிதான். அங்கே 'சர்க்கரை' என்றால் வெல்லம் நினைவுக்கு வரும். அதனால் நான் 'சீனி, அதாவது வெள்ளைச் சர்க்கரை' என்று இரண்டையும் எழுதிவிடுவேன்.

எழுதியதை அந்த வாசகர்களில் ஒருவரிடம் கொடுத்து வாசிக்கச் சொல்லுங்கள். எந்த வரியில் நின்று திரும்பப் படிக்கிறாரோ, அதை மாற்றுங்கள்.