களைச்செடி ஏன் றோட்டோரமாகவே பரவுகிறது?

மன்னார் மாவட்டத்து மடுப் பக்கம் றோட்டோரம் முழுக்கப் பார்த்தீனியம், பத்தடி காட்டுக்குள்ளே போனால் ஒன்றும் இல்லை, ஏன் என்று கேட்டிருந்தீர்கள். முதல் காரணம் வெளிச்சம். பாலை மரமும் முதிரை மரமும் அடைத்து நிற்கிற நிழலில் அது எழும்பாது. ஆனால் வீதிக்கு வெட்டின கரையிலோ கிறவல் கிண்டின கிடங்கிலோ ஒரு செடி நின்றால் போதும், 10,000 விதைக்கு மேல் கொட்டும், எள்ளிலும் சின்ன விதை, ட்ராக்டர் சில்லில் ஒட்டின சேற்றோடு அடுத்த ஊருக்குப் போய்விடும்.

அப்புறம் தண்ணீர். கட்டுக்கரைக் குளம் சரணாலயம்தான், சரி, ஆனால் அதற்குத் தண்ணீர் அநுராதபுரம் தாண்டி வருகிற அருவியாற்றிலிருந்து, தேக்கம் அணையில் திருப்பி வருகிறது. மேலே ஏதோவொரு குளத்தில் சல்வீனியா என்கிற மிதக்கும் நீர்க்களை மண்டினால், மாரியில் குளம் நிரம்பி வான் பாயும்போது அது கீழே வந்துதான் ஆகும். அதற்கு விதைகூட வேண்டாம், முறிந்த துண்டு போதும். எங்கள் குளங்களோ தட்டை நிலத்தில் ஆழமில்லாமல் பரந்து கிடப்பவை, காற்று ஒதுக்குகிற மூலையில் பாய் விரித்த மாதிரித் தங்கிவிடும்.

கடற்கரைப் பக்க உப்புத் தரவையில் இந்த இரண்டுக்கும் வேலையில்லை. அங்கே சீமைக்கருவேல்தான், மாடு காயைத் தின்று சாணத்தோடு விதைத்துக்கொண்டே போகும்.